நிதியமைச்சரிடம் நாடாளுமன்றத்தில் கேட்கப்படும் கேள்விகளும் அவர் சொல்லும் பதில்களும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பட்ஜெட் நாளன்று எல்லோரும் தொலைக்காட்சி முன் உட்காருகிறோம். மறுநாள் நாளிதழ் முழுக்க அதுதான். ஆனால் நாட்டின் பணம் எங்கே போகிறது என்பதை அறிய, பட்ஜெட் உரையைவிட எனக்கு அதிகம் உதவியவை கேள்வி நேரப் பதில்கள். உரையில் அமைச்சர் தான் சொல்ல விரும்புவதைச் சொல்கிறார். கேள்வி நேரத்தில் அடுத்தவர் கேட்டதற்குப் பதில் சொல்லியாக வேண்டும். அந்தப் பதில்களை விடாமல் படித்துவருபவன் என்பதால் நண்பர்கள் அவ்வப்போது என்னிடம் சந்தேகம் கேட்பார்கள். திரும்பத் திரும்ப வருபவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன்.

நிதியமைச்சர் எந்த நாளில், எத்தனை மணிக்குப் பதில் சொல்வார்?

மக்களவையில் அலுவலின் முதல் ஒரு மணி நேரம், அதாவது 11 முதல் 12 மணி வரை கேள்வி நேரம். மாநிலங்களவையில் 2014 கடைசியிலிருந்து இதை 12 முதல் 1 மணி வரை என மாற்றிவிட்டார்கள். அமைச்சகங்களைக் குழுக்களாகப் பிரித்து வாரத்தில் ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு நாள் ஒதுக்குகிறார்கள். சில ஆண்டுகளாக நிதி அமைச்சகத்துக்கு மக்களவையில் திங்கட்கிழமை, மாநிலங்களவையில் செவ்வாய்க்கிழமை. கூட்டத்தொடர் நடக்கும் வாரங்களில் இந்த இரண்டு நாள்களையும் குறித்து வைத்துக்கொண்டால் போதும்.

நட்சத்திரக் கேள்வி என்றால் என்ன?

எண்ணுக்கு முன்னால் நட்சத்திரக் குறி போட்டு அச்சிடப்படும் கேள்வி. அதற்கு அமைச்சர் அவையில் எழுந்து வாய்மொழியாகப் பதில் சொல்ல வேண்டும். பதில் வந்ததும் கேட்ட உறுப்பினர் இரண்டு துணைக் கேள்விகள் கேட்கலாம், அப்புறம் அவைத்தலைவர் அனுமதிக்கும் மற்ற உறுப்பினர்களும் கேட்கலாம். நட்சத்திரம் இல்லாதவற்றுக்கு எழுத்தில் பதில் வரும், துணைக் கேள்வி கிடையாது.

மக்களவையில் ஒரு நாளைக்கு 20 நட்சத்திரக் கேள்விகள், 230 நட்சத்திரமில்லாத கேள்விகள். மாநிலங்களவையில் 15, 160. குறைந்தது 15 நாள் முன்பே நோட்டீஸ் கொடுக்க வேண்டும். யாருடைய கேள்வி முன்னால் வரும் என்பது குலுக்கலில் முடிவாகும். ஒரு மணி நேரத்தில் பெரும்பாலும் நாலைந்து நட்சத்திரக் கேள்விகளைத்தான் தொட முடிகிறது. மீதிக்கு எழுத்துப் பதிலோடு சரி. பட்டியலில் முதல் ஐந்துக்குள் ஒரு நிதிக் கேள்வி வந்துவிட்டால் அன்று அவையில் ஏதாவது நடக்கும்.

பதில்களை அமைச்சரே எழுதுகிறாரா?

இல்லை. நிதி அமைச்சகத்துக்குள் பொருளாதார விவகாரம், செலவினம், வருவாய், நிதிச் சேவைகள், பங்கு விலக்கல், பொதுத்துறை நிறுவனங்கள் என ஆறு துறைகள் இருக்கின்றன. கேள்வி எதற்குரியதோ அந்தத் துறைக்குப் போகும். வங்கிக் கணக்கு பற்றியது என்றால் ரிசர்வ் வங்கியிடமிருந்தும் பொதுத்துறை வங்கிகளிடமிருந்தும் தரவு வாங்க வேண்டும். கீழ்நிலை அதிகாரி எழுதும் வரைவு படிப்படியாக மேலே போய்ச் செயலாளரைத் தாண்டி அமைச்சரிடம் வருகிறது.

நட்சத்திரக் கேள்வி என்றால் கூடவே ஒரு தடித்த குறிப்பும் தயாராகும். எந்தத் துணைக் கேள்வி வந்தாலும் சமாளிக்கும் விதமாக ஊகித்து எழுதி வைப்பார்கள். அன்றைக்கு அதிகாரிகள் தங்களுக்கான மாடத்தில் கோப்புகளோடு உட்கார்ந்திருப்பார்கள். எதிர்பாராத கேள்வி வந்தால் அங்கிருந்து ஒரு துண்டுச் சீட்டு அமைச்சரின் கைக்குப் போகும். நேரலை பார்க்கும்போது இதைக் கவனியுங்கள். அமைச்சர் சீட்டைப் பார்க்காமல் ஒரு எண்ணைச் சொல்கிறாரா, சீட்டு வரும்வரை பொதுவாகப் பேசி நேரம் கடத்துகிறாரா என்பதிலேயே அவருக்கு விஷயம் எவ்வளவு கைவசம் என்று தெரிந்துவிடும்.

பதிலைப் படித்தால் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. எங்கே தொடங்குவது?

கேள்வியிலிருந்து தொடங்குங்கள். ஒவ்வொரு கேள்வியும் (அ), (ஆ), (இ), (ஈ) என உட்பிரிவுகளாக இருக்கும். பதிலும் அதேபடி பிரிந்திருந்தால் பிரச்சினை இல்லை. "(அ) முதல் (ஈ) வரை" என்று நான்கையும் ஒன்றாகக் கட்டி ஒரே பதில் தந்திருந்தால் அங்கேதான் நிற்க வேண்டும். பென்சிலை எடுத்து, எந்த உட்பிரிவுக்கு எந்த வாக்கியம் பதில் என்று கோடு போட்டு இணையுங்கள். பல நேரம் ஒரு உட்பிரிவுக்குக் கோடு எங்கேயும் போய்ச் சேராது. கேட்டவர் உண்மையில் தெரிந்துகொள்ள நினைத்தது பெரும்பாலும் அந்த உட்பிரிவைத்தான்.

அடுத்து, இணைப்பு அட்டவணையைப் பாருங்கள். செய்தியில் வருவது முதல் பத்தி மட்டும். மாநிலவாரி, வங்கிவாரிக் கணக்கெல்லாம் கடைசிப் பக்கத்தில்தான் இருக்கும்.

வங்கிகள் 16 லட்சம் கோடி ரூபாயைத் தள்ளுபடி செய்துவிட்டதாக நாடாளுமன்றத்திலேயே பதில் வந்ததாமே? பணக்காரர்களுக்குக் கடனை விட்டுக்கொடுத்துவிட்டார்களா?

இந்தக் கேள்வி எனக்கு வந்த அளவுக்கு வேறு எதுவும் வந்ததில்லை. எண் சரி. 2014-15 முதலான 10 நிதியாண்டுகளில் வங்கிகள் சுமார் 16.35 லட்சம் கோடி ரூபாய் வாராக்கடனைக் கணக்கிலிருந்து நீக்கியதாக 2025 மார்ச்சில் மக்களவையில் பதில் வந்தது. அதிகபட்சம் 2018-19-இல், 2,36,265 கோடி. குறைந்தபட்சம் 2014-15-இல், 58,786 கோடி.

குழப்பம் பாதிக்குப் பாதி நம் மொழிபெயர்ப்பில் வருகிறது. விவசாயக் கடனை அரசு ரத்து செய்தாலும் தள்ளுபடி என்கிறோம், வங்கி ஒரு கடனைத் தன் இருப்புநிலைக் குறிப்பிலிருந்து எடுத்தாலும் தள்ளுபடி என்கிறோம். இரண்டும் வேறு வேறு. முதலாவதில் கடன் வாங்கியவர் இனி கட்ட வேண்டியதில்லை. இரண்டாவதில் கடன் அப்படியே நிற்கிறது. ரிசர்வ் வங்கியின் விதிமுறைப்படி, முழுத் தொகைக்கும் ஒதுக்கீடு செய்து நான்கு ஆண்டு முடிந்த வாராக்கடன்களையும் சேர்த்து வங்கிகள் கணக்கிலிருந்து நீக்குகின்றன. வழக்கு, சொத்து ஏலம், திவால் நடவடிக்கை எல்லாம் தொடரும். அரசு ஒவ்வொரு பதிலிலும் இதைச் சொல்கிறது, அது தொழில்நுட்பரீதியாகச் சரிதான். அதனால் நான் இதைக் 'கணக்கு நீக்கம்' என்றே எழுதுகிறேன்.

ஆனால் விஷயம் அதோடு முடிந்துவிடவில்லை. வசூல் தொடரும் என்று சொல்வது ஒன்று, எவ்வளவு வசூலானது என்பது இன்னொன்று. ஒதுக்கீடு என்பது வங்கியின் லாபத்திலிருந்து ஒதுக்கிய பணம். லாபம் குறைந்தால் பொதுத்துறை வங்கிக்கு அரசு மூலதனம் போட வேண்டியிருக்கும், அது வரிப்பணம். நீக்கிய தொகையையும் அதில் திரும்ப வந்த தொகையையும் ஒரே கேள்வியில், ஒரே காலக்கட்டத்துக்கு, வங்கிவாரியாகக் கேட்டால்தான் முழுப் படம் கிடைக்கும். தனித்தனியாகக் கேட்டால் இரண்டு பதில், இரண்டு கணக்கு, நடுவில் நாம்.

பெயர்ப்பட்டியல் கேட்டால்? ரிசர்வ் வங்கிச் சட்டத்தின் 45-E பிரிவு, தனித்தனிக் கடனாளிகளின் விவரத்தை வெளியிடத் தடை போடுகிறது என்று பதில் வரும். அந்தக் கதவு மூடியிருக்கிறது என்று தெரிந்தபிறகும் அதையே தட்டுவதில் பயனில்லை. 100 கோடிக்கு மேல் கடன் வாங்கிய எத்தனை பேருடைய கணக்குகள் நீக்கப்பட்டன, மொத்தத் தொகை என்ன என்று எண்ணிக்கையாகக் கேட்கலாம். அதில் யாருடைய தனி விவரமும் இல்லை.

பெட்ரோல் வரியில் மாநிலங்களுக்குப் பங்கு தருகிறோம் என்கிறார்கள். தருகிறார்களா, இல்லையா?

தருகிறார்கள், ஆனால் எந்த வரியிலிருந்து என்று பார்க்க வேண்டும். "மத்திய வரிகளில் 41 விழுக்காடு மாநிலங்களுக்குப் போகிறது" என்ற பதில் 15-வது நிதிக்குழு (மத்திய, மாநில வரிப் பங்கீட்டைப் பரிந்துரைக்கும் குழு) காலத்தில் அடிக்கடி வந்தது. அது உண்மை. அரசியல் சட்டத்தின் 270-வது பிரிவு, குறிப்பிட்ட செலவுக்கென்று வசூலிக்கும் செஸ்ஸையும், வரிக்கு மேல் போடும் கூடுதல் தீர்வையையும் இந்தப் பங்கீட்டுக்கு வெளியே வைக்கிறது என்பதும் உண்மை. இரண்டையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.

ஒரு லிட்டரை எடுத்துக்கொள்வோம். 2022 மே மாதக் குறைப்புக்குப் பிறகு, 2025 ஏப்ரல் வரை, சாதாரண பெட்ரோலின் மத்திய கலால் வரி லிட்டருக்கு 19 ரூபாய் 90 காசாக இருந்தது. அதில் அடிப்படைக் கலால் வரி 1 ரூபாய் 40 காசு. சிறப்புக் கூடுதல் தீர்வை 11 ரூபாய், வேளாண் செஸ் 2 ரூபாய் 50 காசு, சாலை செஸ் 5 ரூபாய். பங்கீட்டுக்கு வந்தது அந்த 1.40 மட்டும். அதில் 41 விழுக்காடு என்றால் ஏறத்தாழ 57 காசு, அதுவும் எல்லா மாநிலங்களுக்கும் சேர்த்து. 15-வது நிதிக்குழு கணக்கில் தமிழ்நாட்டின் பங்கு 4.079 விழுக்காடு. கணக்குப் போட்டால் லிட்டருக்கு இரண்டரைக் காசுகூட வரவில்லை.

இதற்கு மத்திய அரசின் பதில், செஸ் பணம் சாலைகளாகவும் திட்டங்களாகவும் மாநிலங்களுக்குள்தான் செலவாகிறது என்பது. அந்த வாதத்தில் பொருள் இருக்கிறது. ஆனால் அந்தப் பணத்தை எங்கே, எதற்குச் செலவழிப்பது என்று மாநிலம் முடிவு செய்வதில்லை. என் பார்வையில் சண்டையின் மையம் அதுதான். "மாநிலங்களுக்குப் பங்கு தரப்படுகிறதா?" என்று கேட்டால் ஆம் என்று பதில் வரும். "ஒரு லிட்டர் கலால் வரியில் பங்கீட்டுக்குரிய பகுதி எவ்வளவு, பங்கீட்டுக்கு வெளியே உள்ள பகுதி எவ்வளவு?" என்று கேட்டால் எண் வரும்.

ரூபாய் மதிப்பு எங்கே போய் நிற்கும் என்று கேட்டால் ஏன் நழுவுகிறார்கள்?

இதில் நான் அமைச்சர் பக்கம். ரூபாயின் மதிப்பைச் சந்தை தீர்மானிக்கிறது, அரசுக்குக் குறிப்பிட்ட இலக்கோ வரம்போ இல்லை என்பது வழக்கமான பதில். நிதியமைச்சர் வாயிலிருந்து ஒரு எண் விழுந்தால் அடுத்த நிமிடமே அதன்மேல் பந்தயம் கட்டுவார்கள். வரவிருக்கும் பட்ஜெட்டின் வரி மாற்றங்களுக்கும் இதே காரணம் பொருந்தும்.

விலைவாசிக்கு நிதியமைச்சர் பொறுப்பா, ரிசர்வ் வங்கி பொறுப்பா?

2016-இல் ரிசர்வ் வங்கிச் சட்டத்தைத் திருத்தி, சில்லறைப் பணவீக்கத்தை 4 விழுக்காட்டில், இரண்டு விழுக்காடு ஏற்ற இறக்கத்துக்குள் வைத்திருக்கும் பொறுப்பை ரிசர்வ் வங்கிக்குக் கொடுத்தார்கள். வட்டி விகிதத்தை ஆறு பேர் கொண்ட பணக்கொள்கைக் குழு முடிவு செய்கிறது. தொடர்ந்து மூன்று காலாண்டு இலக்கைத் தவறினால், ஏன் தவறினோம், என்ன செய்யப் போகிறோம் என்று வங்கி அரசுக்கு அறிக்கை தர வேண்டும்.

2022-இல் அது நடந்தது. வங்கியும் அறிக்கை கொடுத்தது. அதை வெளியிடுவீர்களா என்று டிசம்பரில் மக்களவையில் கேட்டபோது, அதை வெளியிடச் சட்டத்தில் வழி சொல்லப்படவில்லை என்று நிதித்துறை இணை அமைச்சர் பங்கஜ் சௌத்ரி எழுத்தில் பதில் தந்தார். சட்டம் வெளியிடச் சொல்லவில்லை என்பது சரி. வெளியிடக் கூடாது என்றும் அது சொல்லவில்லை. தக்காளி, எண்ணெய், கேஸ் விலையைத் தன் பையிலிருந்து கொடுத்த ஒவ்வொருவருக்கும் அந்த அறிக்கையைப் படிக்க உரிமை உண்டு என்று நான் நினைக்கிறேன்.

நிதியமைச்சர் மாநிலங்களவை உறுப்பினர். மக்களவையில் எப்படிப் பதில் சொல்கிறார்?

அரசியல் சட்டத்தின் 88-வது பிரிவு, எந்த அமைச்சரும் எந்த அவையிலும் பேசலாம் என்கிறது. வாக்களிப்பது மட்டும் தன் அவையில். 1991 முதல் 1996 வரை நிதியமைச்சராக இருந்த மன்மோகன் சிங்கும், 2019 முதல் நிதியமைச்சராக இருக்கும் நிர்மலா சீதாராமனும் மாநிலங்களவையைச் சேர்ந்தவர்கள்.

ஒரு கேள்வி நிதியமைச்சரின் பதவியை அசைத்ததுண்டா?

உண்டு. அவர் நம்மூர்க்காரர், டி.டி. கிருஷ்ணமாச்சாரி.

1956-இல் தனியார் காப்பீட்டு நிறுவனங்களை நாட்டுடைமையாக்கி எல்.ஐ.சி. உருவாக்கப்பட்டது. மறு ஆண்டே அது கல்கத்தா தொழிலதிபர் ஹரிதாஸ் முந்த்ராவின் ஆறு நிறுவனங்களில் ஒன்றேகால் கோடி ரூபாய் அளவுக்குப் பங்கு வாங்கியது. அந்த நிறுவனங்கள் தள்ளாடிக்கொண்டிருந்தன. எல்.ஐ.சி.யின் முதலீட்டுக் குழுவை முறையாகக் கேட்கவும் இல்லை. விஷயம் 1957-இல் மக்களவையில் கேள்வியாக வந்தது, டிசம்பரில் விவாதமாக மாறியது. முன்னின்று பேசியவர் ரேபரேலி உறுப்பினர் பெரோஸ் காந்தி. ஆளும் காங்கிரஸ்காரர், அதற்கு மேல் பிரதமர் நேருவின் மருமகன். சொந்தக் கட்சியின் அமைச்சரைத்தான் அவர் கூண்டில் ஏற்றினார்.

நீதிபதி எம்.சி. சாக்ளா தனி நபர் ஆணையமாக நியமிக்கப்பட்டு, பொதுமக்கள் முன்னிலையில் விசாரித்து ஒரு மாதத்துக்குள் அறிக்கை தந்தார். தன் செயலாளர் செய்ததற்கு அமைச்சரே பொறுப்பு என்பது அதன் சாரம். 1958 பிப்ரவரியில் டி.டி.கே. பதவி விலகினார். 1963-இல் மறுபடி நிதியமைச்சரானார். விசாரணையில் சிக்கிய அன்றைய நிதிச் செயலாளர் எச்.எம். படேல், 1977-இல் ஜனதா ஆட்சியில் தானே நிதியமைச்சரானார். எளிய மக்கள் மாதாமாதம் கட்டிய பிரீமியம் பணத்தை யார் சொல்லி, எங்கே போட்டீர்கள் என்பதுதான் அன்று கேட்கப்பட்டது. அதற்கு நேரான பதில் கிடைக்கும்வரை அவை விடவில்லை.

"தகவல் திரட்டப்பட்டு வருகிறது" என்று பதில் வந்தால் அதோடு கதை முடிந்ததா?

முடியவில்லை. "தகவல் திரட்டி அவையின் மேசையில் வைக்கப்படும்", "பரிசீலனையில் உள்ளது" போன்ற பதில்கள் உறுதிமொழியாகப் பதிவாகும். மூன்று மாதத்துக்குள் அதை நிறைவேற்ற வேண்டும். இதைக் கண்காணிக்க இரண்டு அவைகளிலும் அரசு உறுதிமொழிக் குழு இருக்கிறது. கால நீட்டிப்பு கேட்டு இழுப்பதும் நடக்கிறது. அதனால் கேட்ட உறுப்பினரே அடுத்த கூட்டத்தொடரில் "இன்ன தேதியில் தந்த உறுதிமொழி என்னவாயிற்று?" என்று கேட்பதுதான் பலன் தரும்.

தவறான தகவல் தந்தால்?

அமைச்சரே திருத்த அறிக்கை தரலாம். மக்களவையில் உறுப்பினர் ஒருவர் தவறைச் சுட்டிக்காட்ட, அவைத்தலைவரின் 115-வது வழிகாட்டு நெறியில் வழி இருக்கிறது. வேண்டுமென்றே அவையைத் தவறாக வழிநடத்தியதாகக் கருதினால் உரிமை மீறல் நோட்டீஸ் தரலாம்.

கேள்வி நேரமே இல்லாத கூட்டத்தொடர் இருந்ததா?

2020 செப்டம்பரில், கொரோனா காலத்து மழைக்காலக் கூட்டத்தொடரில் கேள்வி நேரத்தை ரத்து செய்தார்கள். எழுத்துப் பதில்கள் மட்டும் வந்தன. அந்த ஆண்டு மத்திய அரசின் நிதிப் பற்றாக்குறை நாட்டு உற்பத்தி மதிப்பில் 9 விழுக்காட்டைத் தாண்டியது, ஜி.எஸ்.டி. இழப்பீடு கேட்டு மாநிலங்கள் நின்றுகொண்டிருந்தன. துணைக் கேள்வி மிகவும் தேவைப்பட்ட நேரத்தில் அது இல்லாமல் போனது எனக்கு இன்றும் ஆறாத வருத்தம்.

நான் சாதாரண ஆள். நிதியமைச்சரிடம் நான் கேள்வி கேட்க முடியுமா?

நேரடியாக முடியாது. உங்கள் தொகுதி உறுப்பினர் வழியாகக் கேட்கலாம், மாநிலங்களவை உறுப்பினர்களிடமும் எழுதித் தரலாம். அவர்களின் அலுவலகத்துக்கு வேண்டியது கேள்வியாகவே எழுதப்பட்ட தாள். குறையை விவரிக்கும் கடிதத்தைக் கேள்வியாக மாற்ற அவர்களுக்கு நேரம் இருக்காது.

மக்களவைக் கேள்வி 150 சொல்லுக்குள் இருக்க வேண்டும். வசைச்சொல், ஏளனம், யார்மீதாவது குற்றச்சாட்டு, அமைச்சரின் சொந்தக் கருத்தைக் கேட்பது, நீதிமன்றத்தில் நிலுவையில் இருப்பது, மாநில அரசுக்கு மட்டுமே உரியது, இவையெல்லாம் ஏற்கப்படாது. "ஏழைகளை வதைக்கும் அபராதத்தை வங்கிகள் ஏன் வசூலிக்கின்றன?" என்பது அடிபடும். இப்படி எழுதுங்கள்:

"(அ) குறைந்தபட்ச இருப்பு இல்லாததற்காகப் பொதுத்துறை வங்கிகள் கடந்த 5 நிதியாண்டுகளில் வசூலித்த அபராதம், ஆண்டுவாரியாக, வங்கிவாரியாக, (ஆ) அதில் கிராமப்புறக் கிளைகளின் பங்கு, (இ) இதைக் கைவிட்ட வங்கிகள் எவை, எந்தத் தேதியிலிருந்து, (ஈ) மற்ற வங்கிகள் கைவிட அரசு எடுத்த நடவடிக்கை என்ன?"

கோபம் ஒரு சொல்லிலும் இல்லை. ஆனால் (ஆ)வுக்கு வரும் எண்ணை யாராலும் மறைத்துப் பேச முடியாது. கூட்டத்தொடர் தேதி அறிவித்தவுடனே கொடுத்துவிடுங்கள், 15 நாள் கணக்கு நினைவிருக்கட்டும்.

பதில்கள் தமிழில் கிடைக்குமா?

கிடைக்காது. உறுப்பினர் அவையில் தமிழில் பேசலாம், உடனுக்குடன் மொழிபெயர்க்க ஏற்பாடு உண்டு. ஆனால் எழுத்துப் பதில்கள் இந்தியிலும் ஆங்கிலத்திலும்தான் வெளியாகின்றன. நாடாளுமன்ற இணையதளமான சன்சத் டாட் இன்னில் அவை, அமைச்சகம், தேதி வாரியாகத் தேடி எடுக்கலாம். அமைச்சகம் என்ற இடத்தில் நிதி என்று கொடுத்து, ஒரு திங்கட்கிழமையைத் தேர்ந்தெடுங்கள். வரும் பட்டியலில் தமிழ்நாட்டு உறுப்பினர்கள் கேட்டதை முதலில் திறந்து, நேராகக் கடைசிப் பக்க அட்டவணைக்குப் போய், நம் மாநிலத்தின் வரியைத் தேடிப் பாருங்கள்.